கண்ணாடி வீட்டுப் பேத்திக்கு

கண்ணு, உன்ற புது வீட்டுச் சமையல்கட்டை ரெண்டு நாளா உட்கார்ந்து பார்த்தேன். குறைன்னு ஒண்ணு சொல்ல முடியாது. சொன்னா உங்கம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. அதனால பாராட்டிப்போட்டே போறேன்.

அந்தப் பாயசம் இருக்குதே, ஆஹா! ராத்திரியெல்லாம் பிரிட்ஜுல கெடந்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, அடுப்புல இருந்து எறக்குன சூட்டோட ஊத்துனியே, என்ன கைவேகம்! 'டப்'புன்னு ஒரு சத்தம். பாயசம் மேடை மேல, முந்திரி தரையில. "நல்ல தடிமனாப் பார்த்துத்தானே அப்புச்சி வாங்குனேன்"னு பாவமாக் கேட்டே. அந்தத் தடிமன்தான் சாமி வம்பே. உள்பக்கம் சூடேறி விரியறப்போ வெளிப்பக்கத்துக்கு இன்னும் சேதியே போய்ச் சேரலை. பங்காளிக ஒருத்தன் இழுக்க ஒருத்தன் அசையாம நின்னா என்னாகும்? நடுவுல விரிசல்தான். நம்மூரு டீக்கடைக்காரரு வெச்சிருக்கறதும் தடி கிளாஸுதான். ஊத்தறதுக்கு முன்னால சுடுதண்ணியில ஒரு அலசு அலசறாரே, அது சுத்தத்துக்கு மட்டும்னு நெனச்சியா? சூடு வருதுன்னு கிளாஸுக்கு முன்கூட்டியே தாக்கல் சொல்றாரு.

பள்ளிக்கூட லேப்புல முப்பது வருஷம் பீக்கர் கழுவுனவன் நானு. அதைச் சும்மா ஸ்பிரிட் வெளக்கு மேல வெச்சுக் கொதிக்க வுட்டோம்னா, அது வேற சாதிக் கண்ணாடி. ஜெர்மனியில ஜேனாங்கற ஊர்ல 1884-ல கண்ணாடிப் பட்டறை போட்ட ஆட்டோ ஷாட்டுங்கறவரு, போரான் சேர்த்துக் காய்ச்சுனது. சூட்டுக்குச் சாதாக் கண்ணாடி விரியறதுல மூணுல ஒரு பங்குதான் விரியும். பெட்டி மேல போரோசிலிகேட்டுன்னு போட்டிருக்குதான்னு பார்த்து வாங்கோணும். நீ பூப்போட்டிருக்குதான்னு பார்த்தே.

வடச்சட்டி மூடியை அடுப்புல இருந்து எடுத்து ஈரக் கிரானைட்டு மேல கவுத்தறயே, அதுலயும் ஒரு தைரியம் தெரியுது. அது கெட்டிப்படுத்துன கண்ணாடி. நடுவுல தட்டுனாத் தாங்கும். ஓரத்துல அரிசியளவு மூக்கு போயிருந்தாப் போதும், ஒரு நாளைக்கு மொத்தமும் கல்கண்டாக் கொட்டிப்போடும். ஓரத்தை வெரல்ல தடவாதே, வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. மூக்கு போனதைக் காசு போச்சேன்னு வெச்சுக் கும்பிட வேண்டாம்.

ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்குன டம்ளரை மாப்ளை முறுக்கிக்கிட்டிருந்தாரு. கையைக் கிழிச்சுக்கறதுக்கு நல்ல வழி. உள் டம்ளர்ல பச்சைத்தண்ணி ஊத்தி, வெளி டம்ளரை வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்தச் சொல்லு. தானே கழண்டுக்கும்.

இனி பாராட்ட மனசு வரலை. கக்கூஸ் கழுவற ஆசிட்டைக் கலர் பாட்டில்ல ஊத்தி, சிங்குக்கடியில வெச்சிருக்கறே. குட்டிப்பயலுக்கு எழுத்து தெரியாது, பாட்டில் தெரியும். வந்த டப்பாவுலயே வெச்சு, அவன் கைக்கு எட்டாத அலமாரியில பூட்டு. அதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணாக் கலந்துபோடாதே, குளோரின் புகை கெளம்பி மூச்சை அடைக்கும். யாராச்சும் குடிச்சுப்போட்டா வாந்தி எடுக்க வெக்காதே. போறப்பவே தொண்டையைச் சுட்டது வர்றப்ப இன்னொருக்காச் சுடும். பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஒடைஞ்ச கிண்ணத்தைக் கூட்டி அள்ளுனே சரி. விளக்கை அணைச்சுப்போட்டு டார்ச்சைத் தரையோட தரையாப் படுக்க வெச்சு அடிச்சுப் பார்த்தேன், மேடைக்கடியில ஏழெட்டுச் சில்லு மினுக்கு மினுக்குனு. ஈரப் பஞ்சுல ஒத்தி எடுத்தேன். நீ அள்ளுனது எங்கேன்னு பார்த்தா, காய்கறித் தோலோட ஒரே பையில கெடக்குது! காலையில ஆறு மணிக்குக் குப்பை எடுக்க வர்ற அந்தம்மா அதுக்குள்ள கையை வுட்டுத்தான் பிரிக்குது, உறை கிறை ஒண்ணுமில்லாம. பேப்பர்ல நாலு மடிப்பாச் சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, மேல 'கண்ணாடி'ன்னு கொட்டை எழுத்துல எழுதித் தனியா வெச்சிருக்கேன். வந்தா வாயிலயும் ஒரு வார்த்தை சொல்லிக் குடு.

அடுத்த மாசம் நோம்பிக்கு வர்றேன். எனக்குக் காப்பி எவர்சில்வர் டம்ளர்லயே குடு.