நடுவில் உட்கார்ந்திருப்பது யார்?

இடைக்காலத்து ஐரோப்பியர்கள் பூமியைத் தட்டை என்று நம்பினார்கள், மனிதனைப் பிரபஞ்சத்தின் நடுவில் உட்காரவைத்து மாலை போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ நமக்குச் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். இரண்டும் தப்பு. சந்தேகம் இருப்பவர்கள் தாந்தேயைக் கேட்கலாம்.

தாந்தே ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கவிஞர். 1302இல் எதிர்க்கோஷ்டி கை ஓங்கியதும் ஊழல் வழக்குப் போட்டு, ஊருக்குள் கால் வைத்தால் உயிரோடு கொளுத்துவோம் என்று எழுதி வைத்தார்கள். போன இடத்தில் சும்மா இருக்காமல் மனிதர் 'டிவைன் காமெடி' எழுதினார். நரகத்திலிருந்து சொர்க்கம் வரை தானே பயணம் போவதாக 100 காண்டம்.

அதில் பூமி உருண்டைதான். சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரி ஒன்பது வானங்கள். அதற்கும் அப்பால் கடவுள். மேலே போகப்போக மரியாதை. அப்படியானால் நடுவில் கிடக்கிற பூமி எது? மேல்வீட்டு அழுக்கெல்லாம் இறங்குகிற சாக்கடைக் குழி. அந்த நடுவுக்கும் நடுவில் இருப்பது மனிதன்கூட அல்ல, சாத்தான்! நெருப்பும் கிடையாது; மார்பளவு பனிக்கட்டியில் உறைந்துபோய், துரோகிகளான யூதாஸ், புரூட்டஸ், காசியஸ் மூவரையும் மூன்று வாயில் வெற்றிலை மாதிரி ஓயாமல் மென்றுகொண்டிருக்கிறான்.

அந்த நரகத்திலிருந்து வெளியேறும் வழி இன்னும் அழகு. தாந்தேயைச் சுமந்துகொண்டு, சாத்தானின் ரோமத்தைப் பிடித்தே இறங்குகிறார் வழிகாட்டி வர்ஜில். இடுப்புக்கு வந்ததும் தலைகீழாகப் புரண்டு ஏற ஆரம்பிக்கிறார். தாந்தே பார்த்தால், சாத்தானின் கால்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பூமியின் மையத்தைத் தாண்டியாயிற்று. இனி எந்தப் பக்கம் போனாலும் மேலேதான். நியூட்டன் பிறக்க இன்னும் 300 வருஷத்துக்கு மேல் இருந்தது.

பழைய கணக்கைத் தீர்க்கவும் நரகம் தோதான இடம். பதவிகளைக் காசாக்கிய போப் மூன்றாம் நிக்கோலஸைப் பாறைக்குழியில் தலைகீழாகச் செருகிவிட்டார். அவரோ ஆள் அரவம் கேட்டதும், அடுத்து வரவேண்டிய எட்டாம் போனிஃபேஸ்தான் சீக்கிரமே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறார். கதை நடப்பது 1300இல். போனிஃபேஸ் செத்தது 1303இல். ஆள் நடமாடும்போதே சீட் ரிசர்வ்!

நம் பக்கத்து ஆளுக்கும் இந்தக் கவிதையில் ஓர் இடம் உண்டு. சிந்து நதிக்கரையில் பிறந்து, கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாமல் யோக்கியமாக வாழ்ந்து செத்தவன் என்ன பாவம் செய்தான்? சொர்க்கத்தில் வைத்தே தாந்தேக்கு இந்தச் சந்தேகம். வியாழ மண்டலத்தில் பேசுகிற கழுகு ஒன்று அவர் மனசைப் படித்துவிட்டு, தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று அதட்டுகிறது. கேள்விக்கு நேரான பதில் இல்லை. ஆனாலும், கிறிஸ்து கிறிஸ்து என்று கத்துகிற பலரைவிட அந்த ஆள் அவருக்குக் கிட்டத்தில் இருப்பான் என்று போகிறபோக்கில் ஒப்புக்கொள்கிறது. அதட்டியவர்கள் பின்வாங்குகிற விதம் எந்தக் காலத்திலும் இதுதான்.

1588இல் ஓர் இளைஞர் தாந்தேயின் நரகத்தின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டு ஃப்ளாரன்ஸில் சொற்பொழிவாற்றினார். பெயர் கலிலியோ. பூமியை நடுவிலிருந்து நகர்த்தப் பின்னாளில் மல்லுக்கட்டியவரும் அவரேதான். மனிதனின் பெருமையைக் குலைத்துவிட்டார் என்கிறார்கள். சாக்கடைக் குழியிலிருந்து தூக்கி வானத்துக் கிரகங்களோடு சேர்த்தது எந்த ஊரில் பதவியிறக்கம்?

தாந்தேயின் தண்டனையை ரத்துசெய்ய ஃப்ளாரன்ஸ் நகரசபை 2008இல்தான் தீர்மானம் போட்டது. அதிலும் எல்லோரும் கை தூக்கவில்லை. அவர் எலும்புகள் இன்னும், அவர் செத்த ஊரான ராவென்னாவில். ஃப்ளாரன்ஸ் கட்டிவைத்த கல்லறை காலி. ராவென்னாக் கல்லறை விளக்குக்கு வருஷாவருஷம் எண்ணெய் மட்டும் ஃப்ளாரன்ஸிலிருந்து போகிறது.