கூரை கேட்காதே, காற்று வாங்கு

ஊர் கூடித் தேர் இழுத்தால் புண்ணியம் சாமிக்கு. ஊர் கூடிப் பள்ளிக்கூட மைதானம் போட்டால் புண்ணியம் முழுக்கக் கல்வித் துறைக்கு.

ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கதை இது. பெயர் வேண்டாம், தலைமையாசிரியைக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த பள்ளி வளாகத்தை ஊர்ப் பையன்கள் ஜே.சி.பி. விட்டுத் திருத்தினார்கள். வண்டிக்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். கொத்தனார் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து வேப்பமரத்தைச் சுற்றித் திண்ணை கட்டினார். பஞ்சர் கடையில் கிடந்த லாரி டயர்களைப் பாதி புதைத்து, மிச்சம் மீதி பெயின்ட்டை அடித்து, பிள்ளைகள் தாண்டிக் குதிக்க விட்டார்கள். மகளிர் குழுவின் மோரும் சுண்டலும்தான் கூலி.

சுண்ணாம்பில் ஒரு கபடிக் களமும் போட்டார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் கெட்டிக்காரர். டேப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். நீளம் 12 மீட்டர், அகலம் 8. கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டும் ஏறாத கணக்கு, களத்தைச் சுற்றி ஓடி மூச்சு வாங்கியதும் ஏறிவிட்டது. “சுத்தி ஓடுனா நாப்பது, உள்ள முழுக்கத் துணி விரிச்சா தொண்ணூத்தாறு டீச்சர்” என்றாள் ஒரு வாண்டு. சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பாடநூல் கழகம் அச்சடித்திருக்கிறது?

இவ்வளவும் ஊர் செய்தது. அதன் பிறகு அதிகாரிகள் வந்தார்கள்.

திறப்பு விழா என்றார்கள். கிரானைட் கல்வெட்டு வந்தது. மாண்புமிகு தொடங்கி வட்டாரக் கல்வி அலுவலர் வரை வரிசையாகப் பெயர்கள். ஆகக் கடைசியில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், ‘மற்றும் ஊர்ப் பொதுமக்கள்’. அந்தக் கல்லுக்குக் காசு கொடுத்ததும் அதே மற்றும் ஊர்ப் பொதுமக்கள்தான்.

மேடையில் ஒருவர் ‘உலகத் தரமான திறந்தவெளி வகுப்பறை’ என்று முழங்கினார். தாகூரையும் சாந்திநிகேதனையும் இழுத்தார். 1901இல் தாகூர் அங்கே பள்ளி தொடங்கியதும் மரத்தடியில் பாடம் நடந்ததும் உண்மைதான். மழை வந்தால் ஒதுங்க அங்கே கட்டடமும் இருந்தது என்பதைப் பேச்சாளருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இந்தப் பள்ளியில் ஒதுங்க இடம் இல்லை, இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். இடித்தது சரி, இடித்தே ஆக வேண்டும். 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவித்தார்கள். ஆனால் இடிக்க வந்த வண்டிக்கு இருந்த வேகம், கட்ட வரும் வண்டிக்கு இல்லை. பிள்ளைகள் கோயில் மண்டபத்துக்கும் சமுதாயக் கூடத்துக்கும் மரத்தடிக்கும் போனார்கள். அப்படி மரத்தடிக்கு வந்த வகுப்புக்குத்தான் இப்போது ‘உலகத் தரம்’ என்று நாமகரணம். ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது உலகத் தரம் நனையாதா? வடகிழக்குப் பருவமழைக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுவார்களோ என்னவோ.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இணைப்பு போட்டுத் தெளிவாகச் சொல்கிறது: ஆசிரியர் ஒருவருக்கு வகுப்பறை ஒன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட்டு மைதானம். வகுப்பறையும் வேண்டும், மைதானமும் வேண்டும். மைதானத்தைக் காட்டி வகுப்பறையைக் கழித்துக்கொள்ளலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. இதற்குக் கொடுத்த மூன்றாண்டுக் கெடு 2013 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள்? 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். நிரந்தரம் செய்யுங்கள் என்று அவர்கள் வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அதையும் திறந்தவெளி என்றே கணக்கெழுதலாம்.

நகரத்து இன்டர்நேஷனல் பள்ளிகளிலும் மரத்தடி வகுப்பு உண்டு. அங்கே அதற்குத் தனி ஃபீஸ், தனிப் பெயர், வழவழப்பான விளம்பரத் தாளில் தனிப் பக்கம். வெயில் ஏறினால் ஏ.சி. அறைக்குத் திரும்பிவிடுவார்கள். நம் பிள்ளை வெயில் ஏறினால் மரத்தின் மறுபக்கம் நகர்ந்து உட்காரும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

ஊர் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். மக்கள் பெஞ்சும் மணியும் கரும்பலகையும் தூக்கி வந்து கொடுத்தார்கள். கூடவே அரசு ஊருக்கு ஊர் பள்ளி திறந்தது, வாத்தியார் போட்டது. மதிய உணவும் ஊர் நன்கொடையில் தொடங்கி, அரசு செலவுக்கு மாறியதுதான். அன்று ஊர் தொடங்கியதை அரசு சுமந்தது. இன்று அரசு இறக்கி வைத்ததை ஊர் சுமக்கிறது. அதற்கு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று ஒரு திட்டமும் வந்துவிட்டது. பள்ளி நம்முடையதுதான், சந்தேகமில்லை. நாம் கட்டும் வரி யாருடையது?

அந்தக் கொத்தனாருக்கும் பஞ்சர் கடைக்காரருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டாம். அவர்கள் பிள்ளைகளுக்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் கட்டிக் கொடுங்கள், போதும்.

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் சட்டப்படி உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் ‘புதிய கட்டடம் எப்போது?’ என்று தீர்மானம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த தடவை ரிப்பன் வெட்ட யாராவது வந்தால், மனுவின் நகலைக் கையில் கொடுத்து அவரை வேப்பமரத்தடியில் உட்கார வையுங்கள். மழை நாளாகப் பார்த்து.