விரற்சட்டகம்: ஒரு முதல் செமஸ்டர் ஆய்வு

விஸ்காம் முதலாமாண்டு மாணவன், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து இரண்டு கையிலும் ஒவ்வொரு 'ட' செய்து, ஒன்றைக் கவிழ்த்து மற்றதோடு ஒட்டி, அந்தச் சந்து வழியே ஒற்றைக் கண்ணால் உலகைப் பார்க்கும் செயலே இக்கட்டுரையில் 'விரற்சட்டகம்' எனப்படும். அரை வருஷமாக என்ன படித்தாய் என்று கேட்ட பெரியப்பாவுக்கு என்னால் செய்து காட்ட முடிந்தது இது ஒன்றுதான். எனவே இதை முறைப்படி ஆராய்வது கடமையாயிற்று.

இப்பழக்கம் சினிமா ஆசையால் வருவது என்பார்கள். மேம்போக்கான கருத்து. கேமரா கிடைக்காததால் வருவது என்பதே என் துணிபு. டைரக்டர் ஆக வந்தவனிடம் முதல் நாளே சார்ட் பேப்பரும் 2பி, 4பி, 6பி பென்சில்களும் வாங்கி வரச் சொல்கிறார்கள். அதன் பிறகு ஒரே ஒரு மண்பானை. அதை எட்டு முறை வரைந்திருக்கிறேன். எட்டிலும் பானைக்கு இடப்பக்கம் பல்வலி வந்தது போல வீங்கியிருக்கிறது. கேமரா இல்லாமல் இல்லை, கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது. சாவி லேப் அண்ணனிடம் இருக்கிறது. அண்ணன் டீ குடிக்கப் போயிருக்கிறார். என்றைக்காவது அகப்பட்டால், "செகண்ட் இயர்ல தொடலாம் தம்பி" என்பார். அந்தப் பூட்டுக்கும் எங்கள் கை அரிப்புக்கும் பிறந்த பிள்ளைதான் விரற்சட்டகம்.

அளவீட்டுக்கு வருவோம். ரூம்மேட் தன் ஸ்கேலால் என் சட்டகத்தை அளந்தான். அகலம் 9 செ.மீ., உயரம் 6 செ.மீ.; விகிதம் 1.5. இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. 35 மி.மீ. ஸ்டில் கேமராவின் ஃப்ரேம் 36-க்கு 24, அதுவும் 1.5. லைக்கா 1925-இல் கடைக்குக் கொண்டுவந்த அளவைப் பிறக்கும்போதே கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் பழைய பேசும்படங்களின் விகிதம் 1.37, ஸ்கோப் 2.35. ஆக, என்னைப் படைத்தவன் போட்டோகிராபராக மட்டுமே படைத்திருக்கிறான். ஸ்கோப்புக்கு இழுத்துப் பார்த்ததில் விரல் சுளுக்கிக்கொண்டது. பரதம் கற்ற வகுப்புத் தோழியோ இந்த 'ட' சந்திரகலா முத்திரை, அபிநய தர்ப்பணத்திலேயே இருக்கிறது என்றாள். இரண்டு பிறைகளைக் கோத்து கேன்டீன் பூனைக்கு குளோசப் வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோட்பாட்டுப் பின்புலம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்கள் முதல் செமஸ்டர் ஏறக்குறைய முழுதும் 1948-இல்தான் நடந்தது. தகவல்தொடர்பு பற்றிய ஷானனின் கட்டுரை அந்த வருஷம். யார், என்ன, எதன் வழியே, யாருக்கு, என்ன விளைவோடு என்று லாஸ்வெல் கேட்டதும் அந்த வருஷம். திரையிட்டுக் காட்டிய 'பைசைக்கிள் தீவ்ஸ்' படமும் அந்த வருஷம். ஷானனின் வரைபடத்தில் இரைச்சல் என்று ஒரு கட்டம் உண்டு. அதன் விளக்கம் ஃபேன் சத்தத்தில் காதில் விழவில்லை. ஆனாலும் கடைசி பெஞ்சு வரை எல்லோருக்கும் புரிந்த ஒரே பாடம் அதுதான்.

லாஸ்வெல் கேட்ட விளைவை அறிய, செமஸ்டர் லீவில் ஊரில் களப்பணி மேற்கொள்ளப்பட்டது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்கிறார். எனக்கு மூன்று சிக்கின. பெரியப்பாவிடம் நகை: "பேசாம பி.காம்ல சேர்த்திருக்கலாம்." தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவை மிட் ஷாட்டில் பிடித்தபோது வெகுளி: "அந்தக் கையால தட்டை எடுத்து வைடா." பாட்டியிடம் மருட்கை: "எனக்கு எதுக்குடா திருஷ்டி கழிக்கிற?"

சினிமா படிப்பு பாட்டி, இப்படித்தான் ஷாட் பார்ப்பார்கள் என்று விளக்கினேன்.

"அப்ப 'சந்திரலேகா' பார்த்திருக்கியா?"

இல்லை. அதுவும் 1948-தான், எங்கள் வகுப்பில் யாரும் வாயே திறக்காத 1948. டூரிங் டாக்கீஸுக்குப் பழைய படமாக வந்தபோது, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாளாம் பாட்டி. முரசுக்கு மேல் நின்று ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதிப்பார்கள்.

"ஒவ்வொண்ணும் எத்தாம்பெருசுங்கற?"

இரண்டு கையையும் விரித்தாள். வலது கை ஜன்னல் கம்பியில் இடித்தது. போதவில்லை என்று திண்ணைக்கு எழுந்து போய் மறுபடி விரித்தாள். என்னிடம் இருந்தது 15 செ.மீ. ஸ்கேல்.