மாம்பழ அமுக்கியல்: ஒரு முன்னாய்வு

கோடைதோறும் தள்ளுவண்டி ஓரங்களில் நடந்துவரும் கட்டைவிரல் சோதனையை அறிவுலகம் இன்னும் கண்டுகொள்ளாதது கண்டிக்கத்தக்கது. பங்கனபள்ளியின் கன்னத்தில் விரலை ஊன்றி, நாடி பார்க்கும் வைத்தியரின் களையோடு ஒரு கணம் மௌனிப்பதையே இக்கட்டுரை ‘அமுக்கியல்’ எனக் கொள்கிறது.

விரலுக்குத் தட்டுப்படுவது உண்மையில் பெக்டின். பழத்தின் செல்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது அதுதான். காயில் கால்சியம் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். பறித்த காய்க்குள் எத்திலீன் பெருகியதும் நொதிகள் களமிறங்குகின்றன. ஒன்று பெக்டினின் மெத்தில் குழுக்களைக் கழற்ற, பாலிகேலக்டுரோனேஸ் அதன் சங்கிலியை நறுக்கும். செல்களின் பிடி தளரும், கன்னம் அமுங்கும், வந்தவர் “ம்...” என்பார்.

பழியை ஒரே நொதிமேல் போட்ட வழக்கு ஏற்கெனவே தோற்றுவிட்டது. 1994இல் கலிபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம் பாலிகேலக்டுரோனேஸை அடக்கிய தக்காளியைச் சந்தைக்கு அனுப்பியது. அதுவும் குழைந்தது. பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கியதும் தக்காளி கெட்டியாக நின்றதாக 2016இல்தான் செய்தி வந்தது.

கருவி வேண்டுவோருக்கு, அமெரிக்காவில் மேக்னஸ், டெய்லர் இருவரும் 1925இல் வெளியிட்ட அழுத்தமானி உண்டு: உருக்குத் தண்டைப் பழத்துக்குள் இறக்கி விசையை அளப்பது. ஆனால் ஓட்டை விழுந்த பழத்தை ஆய்வகத்தார் யாரும் நைசாகக் குவியலில் திருப்பி வைப்பதில்லை. நம் மரபின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது.

இதில் முறையியல் சிக்கலும் உண்டு. அமுக்கிய இடத்தில் செல்கள் உடைந்து, சதை கன்றிக் கறுக்கிறது. ஆகவே மாலையில் வருபவர் அளப்பது பழத்தின் கனிவை அல்ல, காலையிலிருந்து வந்தவர்களின் கைவரிசையை.

இருந்தாலும் விரலை அடியோடு தள்ளிவிட முடியாது. தடைசெய்யப்பட்ட கார்பைட் கல்லை வைத்தால், முற்றாத காயின் தோல்கூட மஞ்சளாகிவிடும். உள்ளே புளிப்பும் விறைப்பும் அப்படியே இருக்கும். அங்கே கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

“அமுக்குனா எடுத்துக்கணும் சார்” என்பது வியாபாரிகள் தரப்புக் கோட்பாடு. அவர்களோ “இன்னைக்கா, நாளைக்கா?” என்று மட்டும் கேட்டு, காம்போரம் மோந்து பார்த்துப் பழத்தை எடுத்துத் தருகிறார்கள், அது பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகிறது. அழுத்தமே இல்லாத அம்முறை இவ்வாய்வின் வரம்புக்குள் வராது.