பவர் ஸ்க்ரூவின் கால் சுற்று: ஓர் ஆய்வு

பவர் ஸ்க்ரூ என்பது கேஸ் கிட் மாட்டிய பெட்ரோல் கார்களில், ரெடியூசரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் ரப்பர் ஓஸின் நடுவே உட்கார்ந்திருக்கும் சிறு திருகு. எஞ்சினுக்குள் எவ்வளவு கேஸ் போகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. அதை எவ்வளவு திருகலாம் என்பதை வீட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். இத்துறையின் சிக்கல்கள் யாவும் இந்த இரண்டாவது தீர்மானத்தில் பிறந்தவை.

ஆய்வுக்கு உகந்த வண்டி கார்புரேட்டர் காலத்து மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இந்தியாவில் எல்பிஜியை வாகன எரிபொருளாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2000இல்தான். சமையலறையின் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் அதுவரை காத்திருக்காமல் பல ஆம்னிகளில் குடியேறியிருந்தது. அது அன்றும் குற்றம், இன்றும் குற்றம், எப்போதும் ஆபத்து. ஆகவே அந்தக் கிளை இங்கே ஆராயப்படவில்லை.

தொட்டியிலிருந்து திரவமாக வரும் கேஸ் ரெடியூசரில் ஆவியாகிறது. அதற்கான சூட்டை ரேடியேட்டர் தண்ணீர் தருகிறது. தண்ணீர் குறைந்த வண்டியில் சித்திரை வெயிலிலும் ரெடியூசர் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும். ஏசிக்குப் போட்டியாக ஏதோ கிடைத்துவிட்டது என்று சொந்தக்காரர் மகிழ்வதுண்டு. உண்மையில் வண்டி இன்னும் சற்று நேரத்தில் நிற்கப்போகிறது.

ஸ்க்ரூவைத் தொடுமுன் ஏர் ஃபில்டர், பிளக் இடைவெளி, வால்வு இடைவெளி மூன்றையும் சரிபார்க்க வேண்டும் என்பது இத்துறையின் மூல விதி. பெட்ரோல் மன்னித்துவிடும் பிளக்கைக் கேஸ் மன்னிக்காது. இவ்விதியை அறியாதவர் இல்லை. பின்பற்றியவரைக் கண்டவரும் இல்லை.

முறை எளிது. எஞ்சின் சூடேறிய பின், ஒருவர் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் மிதித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுகிறார். சத்தம் தளரும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, மறுபடி தளரும்வரை வெளியே திருகுகிறார். இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். ஆம்னியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதே கருவி. வேடிக்கை பார்க்க வரும் மச்சானுக்கும் இரண்டு காது உண்டு என்பதால், நடுவிடம் எது என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படுவதில்லை. “மாமா, இன்னும் கால் சுத்து விடுங்க” என்பது இத்துறையில் மிக அதிகமாகக் கையாளப்படும் வாய்பாடு.

அறிஞர்கள் இங்கே இரு பள்ளிகளாகப் பிரிகின்றனர். மூடுவோர் மைலேஜ் மரபினர். கேஸ் குறைந்து காற்று மிகுந்தால் எரிதல் மந்தமாகும். இன்டேக் வால்வு மறுபடி திறக்கையிலும் நெருப்பு அணையாதிருந்தால் அது மேனிஃபோல்டுக்குள் பாயும். ‘டப்’ என்ற ஒலியோடு ஏர் ஃபில்டர் மூடி கழன்று பறக்கையில், அவர்கள் பிளக்கைக் குறை சொல்வர். திறப்போர் பிக்கப் மரபினர். அவர்களுடைய வண்டி மேம்பாலத்தில் மூச்சு வாங்காது; ஆனால் சிக்னலில் நிற்கையில் அணைந்துபோகும், பின்சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வார். கேஸ் ஆவியாக நுழைந்து காற்றின் இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்வதால், பெட்ரோலின் இழுவை எந்தத் திருகலிலும் முழுதாகத் திரும்பாது. இரு பள்ளிகளும் இதை ஏற்பதில்லை.

காலையில் வாசலில் ஒற்றை ஆளோடு கண்ட நடுவிடம், மாலையில் எட்டுப் பேரோடு கோயிலுக்குப் போகையில் பொருந்தாது. எனவே ஸ்க்ரூ இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது.

இதைத் தடுக்க மெக்கானிக்குகள் டியூன் செய்த கையோடு ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பதுண்டு. யாராவது திருகினால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். சொந்தக்காரர் திருகிவிட்டு, வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷால் அதே இடத்தை மூடிவிடுவார். பழைய ஆம்னி ஒன்றின் ஸ்க்ரூவைச் சுரண்டினால் சிவப்பு, ரோஸ், மறுபடி சிவப்பு, அதனடியில் மெரூன் என அடுக்குகள் தெரியும். மெரூன் மட்டுமே மெக்கானிக்குடையது.