கையில் சிங்கப்பூர், காலில் ஆறுமுகநேரி

கடியாரத்தை உலகுக்கு அளித்த மேதாவிகள் அதற்கு முகத்தையும் முட்களையும் வைத்ததைக் காட்டிலும், அதன் விலாவிலே ஒரு சிறு திருகை வைத்தார்களே, அதுவே மனித குலத்துக்கு அவர்கள் செய்த பேருபகாரம் என்பது என் அபிப்பிராயம். காலம் அரசனுக்கும் நிற்பதில்லை, ஆண்டிக்கும் நிற்பதில்லை. அப்பேர்ப்பட்ட காலத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஐந்து நிமிஷம் முன்னேயோ பத்து நிமிஷம் பின்னேயோ தள்ளி வைக்கலாம் என்ற ஆறுதலை, உப்பளத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்த என்னைப் போன்ற சாமானியனுக்கும் அந்தத் திருகு அளித்து வந்தது. ஜப்பானியச் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-ஆம் ஆண்டில் பெங்களூரில் கைக்கடியாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. ஆலையின் கடியாரம் ஒன்று, கல்யாணத்தின்போது மாமனார் கட்டிவிட்டது, இன்றும் என்னிடம் இருக்கிறது. ஸ்நானம் முடித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அதற்குச் சாவி கொடுத்தால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடியாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். தானாக ஓடவில்லை, என் மனைவி ஓட வைத்திருக்கிறாள். திருநெல்வேலி ரயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காக என்றோ ஏற்பட்ட இந்த ஏற்பாடு நாளடைவில் குலாசாரமாகிவிட்டது. அது பத்து நிமிஷம் வேகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; தெரிந்ததனாலேயே எல்லோரும் மனத்துக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகப் புறப்படுவோம்; அப்படிக் கழித்துக்கொள்வோம் என்பது அவளுக்கும் தெரிந்திருந்ததனால், ஒருவருக்கும் சொல்லாமல் அவ்வப்போது இன்னும் இரண்டு மூன்று நிமிஷத்தைக் கூட்டி வைப்பாள். விருந்தாளிகள் மட்டுமே அந்தக் கடியாரத்தைப் பரிபூரணமாக நம்பி, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். தமிழ்நாட்டில் முக்கால்வாசி இல்லங்களில் இந்தச் சம்பிரதாயம் உண்டு என்றே நினைக்கிறேன். சத்தியசந்தர்கள் வாழும் வீடுகளிலும் கூடத்தில் இந்த ஒரு பொய் மட்டும் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கும்.

இவ்வாறு எங்கள் வீட்டில் காலம் சௌக்கியமாக நடந்துகொண்டிருக்கையில், எனக்குச் சர்க்கரை இருப்பதாகவும் நாள்தோறும் நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவைக்க, அந்தச் சேதி சிங்கப்பூரில் இருக்கும் என் மகளின் செவிக்கு எட்ட, விடுமுறைக்கு வந்த மருமகப்பிள்ளையின் பெட்டியிலே ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வந்து சேர்ந்தது. கறுப்பு ரப்பர்ப் பட்டை; நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி; அடிப்பக்கத்தில் பச்சை விளக்கொன்று மினுக் மினுக்கென்று எரிந்து என் நாடியை வேவு பார்த்தது. அதைக் கட்டிக்கொண்ட மாத்திரத்தில் என் விரல்கள் பழக்க தோஷத்தினால், குடுமி களைந்த தேங்காயில் குடுமியைத் தேடுவதுபோல, அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவின. திருகு இல்லை.

“இதுக்குச் சாவி எங்க மாப்பிள்ளை?” என்றேன்.

“சாவியே கிடையாது மாமா. எல்லாம் போன்ல இருந்து தானா வந்துரும்” என்று சொல்லி, தாம் அங்கே உபயோகித்துக் கழித்த போன் ஒன்றையும் எனக்கே தாரை வார்த்துவிட்டு அவர் விமானம் ஏறினார்.

சொன்னபடி நேரம் தானாகவே வந்தது. ஆனால் வந்தது சிங்கப்பூர் நேரம். ஊருக்குத் தக்கபடி நேரத்தைத் தானே அறிந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று அந்தப் போனில் இருந்ததாம். அதை எப்போதோ யாரோ அணைத்துவிட்டு, ‘சிங்கப்பூர்’ என்று கையாலே குறித்து வைத்திருந்தார்கள். பேண்டுக்கோ சொந்தப் புத்தி கிடையாது. புளூடூத் வழியாகப் போன் எதைச் சொல்கிறதோ அதுவே அதற்கு வேதவாக்கு. ஆகவே நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னதாகவே அது என் மணிக்கட்டில் வாழ்ந்துகொண்டிருந்தது.

நேரம் மட்டும் தவறாக இருந்திருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். பத்தைக் கழித்துப் பழகிய குடும்பத்தானுக்கு நூற்றைம்பதைக் கழிப்பதா பிரமாதம்? ஆனால் இந்த யந்திரம் நேரத்தோடு நின்றதா? நடத்தைக்கும் சான்றிதழ் எழுதத் தொடங்கிற்று. இரவு உணவுக்குப் பின் பஜார் வரை உலாவி வருவது என் வழக்கம். திரும்பி வருகையில் ஒன்பதரை மணி ஆனதுதான் தாமதம், விடியற்காலையிலிருந்து அரும்பாடுபட்டு நடந்து சேர்த்த அடிகள் அத்தனையும் ஒரே கணத்தில் பூஜ்யமாகிவிடும்; சிங்கப்பூரில் நடுநிசியாகி, அங்கே நாள் மாறிவிட்டதல்லவா? தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் நேற்றைய மனிதனாகிவிட்ட நான், தெருவிளக்கின் அடியில் நின்று அந்தச் சைபரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதைவிடக் கொடுமை உறக்கத்தின் விஷயம். பத்து மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுபவன் நான். உப்பளத்தில் வெயில் ஏறுமுன் பாதி வேலை முடிந்தாக வேண்டும் ஆதலால், பாத்தியில் இறங்குகிறவர்களும் சரி, அவர்களுக்குக் கூலி எழுதுகிறவனும் சரி, விடியுமுன் எழுந்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பிராம்ம முகூர்த்தம் என்பது தவமல்ல, பிழைப்பு. பேண்டோ நான் இரவு பன்னிரண்டரைக்குப் படுத்துக் காலை ஏழு மணிக்கு எழுகிறவன் என்று பதிவு செய்து, நேரத்தோடு உறங்கப் பழகும்படி ஒரு புத்திமதியையும் அதன்மேல் சேர்த்தது. அந்தக் கணக்கு மகளின் போனுக்கும் தவறாமல் போய்ச் சேரும்படி மருமகப்பிள்ளை வழி செய்திருந்தார் போலும். “ராத்திரி பன்னிரண்டரை வரைக்கும் முழிச்சிருந்து என்னப்பா பண்ணுறீங்க?” என்று அவள் வீடியோவில் கேட்க, முப்பதாண்டுக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்து, என் குறட்டையின் தொடக்கத்தையும் முடிவையும் நன்கு அறிந்த என் மனைவியும் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். யந்திரம் சொன்னால் மனிதர்கள் எதையும் நம்புவார்கள்.

பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் பையனிடம் போனேன். “அண்ணாச்சி, இதுல நேரம் வைக்க முடியாது. இது போனைப் பாத்துத்தான் காட்டும், நாம சொன்னா கேக்காது” என்றான். பிறகு போனின் செட்டிங்ஸைத் திறந்து, தேதியும் நேரமும் என்ற இடத்துக்குப் போய், ஆட்டோமேட்டிக் என்று இருந்த இரண்டு பொத்தான்களையும் நீலமாக்கி, பேண்டுக்குரிய ஆப்பின் திரையை விரலால் ஒருமுறை கீழே இழுத்துவிட்டான். மணிக்கட்டில் சிறு நடுக்கம். ஒன்று முப்பத்தைந்து பதினொன்று ஐந்தாயிற்று. காசு எவ்வளவு என்றேன். “இதுக்கெல்லாமா காசு வாங்குவாங்க அண்ணாச்சி? இப்ப கரெக்ட் டைம் வந்துட்டு, போங்க” என்றான்.

கரெக்ட் டைம் என்று அவன் சொன்னதை யோசித்தபடியே வீடு வந்தேன். போன் தன் நேரத்தைச் செல்போன் கோபுரத்திடமிருந்து கேட்டுக்கொள்கிறது. இந்திய நேரம் என்பதன் மூலவிக்கிரகமோ புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், சீசியம் அணுக்கடியாரங்களின் வடிவத்தில் எழுந்தருளியிருக்கிறது. சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிர்ந்தால் ஒரு விநாடி என்பது 1967 முதல் உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. கூலிக் கணக்கில் காலணா பிசகினாலே உறக்கம் கெடும் எனக்கு, இந்தத் துல்லியத்தைக் கேட்டு மெய்சிலிர்த்தது.

ஆயினும் இவ்வளவு துல்லியமான நேரம் எந்த ஊருடையது என்று பார்த்தால், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. எங்கள் ஊர் ஆறுமுகநேரியோ ஏறக்குறைய 78 பாகையில் கிடக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷமாகக் கணக்கிட்டால், எங்கள் தலைக்குமேல் சூரியன் வருவதற்குள் மிர்சாபூர்க்காரர்களுக்கு உச்சிப்பொழுது கழிந்து பதினேழு பதினெட்டு நிமிஷம் ஆகிவிடுகிறது. நம் பழைய கணக்கில் முக்கால் நாழிகை. கடியாரப்படி எங்கள் உச்சிப்பொழுது வரும் நேரமோ எல்லா நாளும் ஒன்றுபோல் அல்ல. பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரரைக் கேட்டால் இந்த உண்மை விளங்கும். சூரியன் உச்சி சாய்ந்த பிறகே லுஹர் தொழுகைக்கு நேரம் வருவதால், நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு தாண்டி ஓரிரு நிமிஷத்திலேயே வந்துவிடுகிற அந்த வேளை, பிப்ரவரி நடுவில் பன்னிரண்டரைக்கும் அப்பால் நகர்ந்துபோவது தொழுகை நேர அட்டவணை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். சூரியனோடு நேரடி வியவகாரம் வைத்திருப்பவர்கள் அவர்களே. நாமோ மிர்சாபூருக்கு ராகுகாலம் பார்த்துவிட்டு ஆறுமுகநேரியில் தாலி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் சில காலம் கையில் கட்டியிருந்த சிங்கப்பூர் நேரமாவது சிங்கப்பூருக்குச் சொந்தமானதா என்றால், அதுவும் இல்லை. அந்தத் தீவு இருக்கும் இடத்துக்கு கிரீன்விச்சிலிருந்து ஏழு மணி நேரம்கூட முழுதாக வராது. மலேசியா தன் மேற்குப் பகுதியையும் கிழக்குப் பகுதியையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர அரைமணி முன்னே நகர்ந்தபோது, அண்டை வீட்டோடு ஒட்டிப் போவதே உசிதம் என்று சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1-ஆம் தேதி தானும் நகர்ந்து எட்டு மணியில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடியாரத்தில் ஒரு மணி. என் மனைவி செய்த காரியத்தையே ஒரு தேசம் செய்தால் அதற்குப் பெயர் ராஜதந்திரம்.

நமக்கும் ஒரு காலத்தில் சொந்த நேரம் இருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழும்பிய வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையைக் கோல்டிங்ஹாம் என்னும் வான சாஸ்திரி கணித்ததிலிருந்து, 1802 முதல் சென்னை நேரம் என்று ஒன்று வழங்கலாயிற்று. கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம் பதினாலு விநாடி முன்னது. பின்னாளில் ரயில்களும் நாடெங்கும் அதைக் கேட்டே ஓடின. 1906 ஜனவரி 1-ஆம் தேதி ஐந்தரை மணிக் கணக்கு வந்தபோது, சென்னைவாசிகளின் ஆயுளில் ஒன்பது நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகக் காணாமல் போயிற்று. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடாப்பிடியாக வைத்திருந்தன. சென்னை மட்டும் சாதுவாகக் கொடுத்துவிட்டது. கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்த கூத்தோ தனி. 1996-இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு மணி முன்னே போய், அவ்வாண்டே அரைமணி பின்னே வந்து, 2006-இல் மறுபடி ஐந்தரைக்கே திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டதால், ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, எங்கள் வட்டாரத்திலேயே சரியான நேரம் கொண்டுவர ஒருவர் செய்த ஏற்பாட்டுக்கு ஈடாக நான் வேறொன்றைக் கேட்டதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனிடம் வைத்த பக்தியினால், அங்கே உச்சிகாலப் பூஜை நடந்தேறிய சேதி எட்டாமல் அன்னத்தில் கை வைப்பதில்லை என்றும், அதற்காகக் கோயிலிலிருந்து கோட்டை வரையில் வழிநெடுக மணிமண்டபங்களைக் கட்டி, ஒரு மணியின் ஓசை கேட்டதும் அடுத்த மணியை அடிக்க ஆட்களை நிறுத்தியிருந்தார் என்றும் செவிவழியாகச் சொல்வார்கள். அம்மணிகளுள் ஒன்று இன்றும் செந்தூர்க் கோபுரத்தில் இருப்பதாகவும் சொல்வதுண்டு.

கணக்குப்பிள்ளையின் புத்தி இதிலே கணக்குப் போடாமல் இருக்குமா? இரண்டு ஊருக்கும் இடையே காக்கை பறக்கும் தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆகவே ஓசைக்கு மாத்திரம் இரண்டரை நிமிஷம் வேண்டும். அதற்குமேல் மனுஷ சுபாவத்தையும் சேர்க்க வேண்டாமா? ஒரு மண்டபத்துக் காவலாளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பான். மற்றொருவன் சித்திரை வெயிலில் கண்ணயர்ந்திருப்பான். கடற்காற்று மூர்க்கமாக வீசும் நாளில் மூன்றாமவன், கேட்டது மணியா மாட்டுச் சலங்கையா என்று பக்கத்தில் இருப்பவனை விசாரித்துக்கொண்டிருப்பான். கோட்டை அரண்மனையில் இலை போட்டு, சோறு ஆறி, பரிசாரகர்கள் கைபிசைந்து நின்றிருப்பார்கள். ஆனால் இது தாமதமான மணி என்று சொல்ல அங்கே வேறொரு கடியாரம் கிடையாது! மணி கேட்டது எப்போதோ அப்போதே உச்சிக்காலம். பாஞ்சாலங்குறிச்சி சற்று மேற்கே இருப்பதனால், சூரிய பகவானே செந்தூரைத் தாண்டி அங்கே வர இருபது விநாடி போலத் தாமதித்தவர்தாம் என்பதை எண்ணும்போது, காவலாளிகளை நான் மன்னித்துவிடுகிறேன்.

என் கையில் நடந்ததும் இதுவே. செல்போன் கோபுரம் அடித்த மணியைப் போன் கேட்டு, அதனிடமிருந்து கடைசி மண்டபமாகிய பேண்ட் கேட்கிறது. நடுவே ஒரு காவலாளி மட்டும் வேறு கோயில் மணிக்குக் காது கொடுத்துவிட்டான்.

நேரம் திருந்திய பிறகு வீட்டில் வேறு தகராறு முளைத்தது. சுவரில் உள்ளதும் கையில் உள்ளதும் பன்னிரண்டு நிமிஷம் மாறுபடுவதைக் கண்ட என் மனைவி, பேண்டையும் பத்து நிமிஷம் தள்ளி வைக்கச் சொன்னாள். அப்படி வைக்க இதில் வழியில்லை. ஆப்பிள் கடியாரத்தில்தான் ஐம்பத்தொன்பது நிமிஷம் வரையில் முகத்தை மட்டும் முன்னே தள்ளிக்கொள்ளலாம், அப்போதும் அலாரம் சரியான நேரத்துக்கே அடிக்கும் என்று கடைப் பையன் சொன்னான். பொய்க்கும் உண்மைக்கும் தனித்தனிப் பேரேடு எழுதும் அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சினேன். விலையைக் கேட்டு இருவரும் மௌனமானோம்.

மறுநாள் அவளே வேறு யோசனை சொன்னாள். “ஏங்க, அந்தப் பட்டையை எனக்குக் குடுங்க. நேரத்தை முன்னமாதிரியே வச்சுத் தரச் சொல்லுங்க. மக வேலையில இருந்து வந்தாளா, பிள்ளைக தூங்கிட்டாங்களா, ஒண்ணுந் தெரியாம போன் போட்டுப் போட்டு ஏச்சு வாங்குறேன். இது கையில கெடந்தா பாத்துக்கிடுவேம்லா?” அடிகள் ஒன்பதரைக்குப் பூஜ்யமாகிவிடுமே என்றேன். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் தான் நடப்பதை எவனும் எண்ண வேண்டியதில்லை என்றாள்.

எச்.எம்.டி.க்குச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு, பேண்டையும் போனையும் எடுத்துப் பஜாருக்குப் போனேன். சரியாக வைத்ததற்குக் காசு வேண்டாம் என்ற அதே பையன், தப்பாக வைப்பதற்கு ஐம்பது ரூபாய் கேட்டான்.