முப்பது மீட்டர் மாப்பிள்ளை

ஏண்டா பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வையி. நிச்சயதார்த்தத்துக்கு வாட்ச் வாங்கணும்னு சோறு தண்ணி இல்லாம அதையே தடவிக்கிட்டு இருக்கே. நீ படிச்சுக் காட்டுறதைக் கேட்டா எனக்கே புல்லரிக்குது. 30 மீட்டர் ஆழத்துலயும் ஓடுமாம், 24 கல்லு வச்சதாம், நிலா தெரியுமாம், காரோட வேகம் காட்டுமாம். வாங்குடா ராசா, வாங்கு. பணமும் உன்னோடது, கையும் உன்னோடது.

ஆனா ஒரு சேதி காதுல விழுந்துச்சு. பொண்ணோட பெரியப்பா ஓசூர் டைட்டன் கம்பெனியில இருந்து ரிட்டயர் ஆனவராம். டாட்டாவும் நம்ம சர்க்காரோட டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984ல ஆரம்பிச்ச கம்பெனி. அந்த மனுசன் உன் கையைப் பிடிச்சு, "மாப்ளே, வாட்ச் ஜோரா இருக்கே, இதுல என்னென்ன இருக்கு?"ன்னு கேக்காம விடுவாரா? என்கிட்ட அளந்ததை அவர்கிட்டயும் அளந்தேன்னா, பந்தியில பாயசம் வர்றதுக்குள்ள உன் பேரு சந்தி சிரிச்சுரும். பட்டிக்காட்டுக் கிழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காதே. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரே ரிப்பேர்க்கார பாய், அவர் கடை பெஞ்சுதான் எனக்குப் பள்ளிக்கூடம். அவர் வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சே பாதிப் பொழுதைக் கழிச்சவன் நான்.

முதல்ல அந்த 30 மீட்டரை எடுத்துக்க. நம்ம தோட்டத்துக் கிணறு அதுல பாதி ஆழம்கூட இருக்காது. அப்ப தைரியமாக் குதிக்கலாம்னு தோணும். குதி, தாராளமாக் குதி. மேல வந்ததும் கண்ணாடிக்குள்ள அயிரை மீன் விட்டு வளக்கலாம். 30 மீட்டர், 3 பார், 3 ஏடிஎம் எல்லாம் ஒண்ணுதான். அம்புட்டு ஆழத்துல தண்ணி எப்படி அழுத்துமோ, அந்த அழுத்தத்தை ஆடாம அசையாம கிடக்கிற புது வாட்ச்சுக்குக் குடுத்துப் பாக்குறாக. நீ கைய வீசி நீந்துற கணக்கு அதுல இல்ல. கை கழுவுறப்போ தெறிக்கிற தண்ணி, மழைத் தூறல், அதோட 30 மீட்டர் முடிஞ்சுபோச்சு. 50ன்னா லேசா நீந்திக்கலாம். கிணத்து மேட்டுல இருந்து தொபுக்கடீர்னு விழுறவனுக்கு 100 வேணும். முத்துக் குளிக்கப் போறேன்னா 200 பாரு. அதுலயும் ஐஎஸ்ஓ 6425ன்னு போட்டிருந்தா ஒவ்வொரு வாட்ச்சையும் தனித்தனியாச் சோதிச்சுத்தான் வெளியே விட்டிருப்பாக.

இன்னொண்ணும் கேட்டுக்க. தண்ணியைத் தடுக்கிறது டயல்ல எழுதின எழுத்து இல்ல, உள்ள இருக்கிற ரப்பர் வளையம். அது நாளாக நாளாக விறைச்சுப் போயிரும். செல் மாத்தக் குடுக்கிறப்போ பின்மூடியைக் கழட்டி அந்த வளையத்தை நசுக்கி மூடிட்டான்னா, 200 மீட்டர் வாட்ச்சும் சொம்புத் தண்ணிக்கு மூச்சுத் திணறும். சனிக்கிழமை எண்ணெய் தேச்சு வெந்நீர் ஊத்துறப்போ கழட்டி வச்சிரு. சூடும் சோப்பும் அந்த ரப்பருக்கு ஆகாது. பக்கத்துல திருகு இருக்கே, அது மரையில இறுகுற வகையா இருந்தா இறுக்காம தண்ணியில விடாதே. வாசக்கதவைத் தொறந்து போட்டுட்டு ஜன்னலுக்குக் கம்பி வச்ச கதைதான்.

அடுத்தது அந்த 24 கல்லு. எனக்குக் கல்யாணத்துக்குப் போட்டது எச்எம்டி ஜனதா. ஜப்பான் சிட்டிசன்காரன் தொழில் கத்துக் குடுக்க, 1961ல பெங்களூர்ல வாட்ச் பண்ண ஆரம்பிச்ச சர்க்கார் கம்பெனி. காலையில எந்திரிச்சதும் சாவி குடுக்கணும். 17 கல்லு வச்சதுன்னு சொன்னதும், உங்க அப்பத்தா அதைக் கழட்டி ஒரு கம்மல் பண்ணிரலாமான்னு கேட்டா. அவ மேல தப்பு இல்ல, மாணிக்கம்னா மாணிக்கந்தான். ஆனா மண்ணுல தோண்டி எடுத்தது இல்ல, உலையில உருக்கி வளத்தது. அந்த வழியை வெர்னூயிங்கிற பிரெஞ்சுக்காரர் 1902லயே வெளியிட்டுட்டாரு. சக்கரத்தோட அச்சு நுனி தேயாம சுத்துறதுக்காக இத்தனூண்டு கல்லுல குழி பண்ணி உக்கார வைக்கிறாக. வித்தா டீச்செலவுக்கு ஆகாது. முள்ளு மட்டும் ஓடுற சாவி வாட்ச்சுக்கு 17 போதும். ஆட்டோமேட்டிக்னா உள்ள சக்கரம் கூட, அதனால கல்லும் நாலஞ்சு கூட. ஒரு காலத்துல சில கம்பெனிக்காரன் வேலையே இல்லாத எடத்துல எல்லாம் கல்லைப் பதிச்சு, 100 கல்லுன்னு டயல்ல எழுதி வித்தான். வாங்கறதுக்கு உன்னை மாதிரி ஆளு அப்பவும் இருந்திருக்கான்.

ஆட்டோமேட்டிக்னதும் கண்ணு மின்னுது பாரு. உள்ள அரைவட்டமா ஒரு பளு இருக்கும். கை அசைய அசைய அது சுத்தி, சுருளை முறுக்கும். கழட்டி வச்சா பெரும்பாலும் ரெண்டு நாள் தாங்காது. அது கையை ஆட்டி வேலை செய்யிறவனுக்குச் செஞ்சது. நீ காலையில எந்திரிச்சதுல இருந்து அசைக்கிறது கட்டை விரல் ஒண்ணைத்தான், அதுக்கு எங்கிட்டுச் சாவி ஏறும்? போன் உறையில காந்தம் வச்சிருக்கியே, அது மேல வாட்ச்சை வைக்காதே. உள்ள இருக்கிற மெல்லிசுச் சுருள்ல காந்தம் ஏறினா வாட்ச் தறிகெட்டு முந்தும்.

நொடி முள்ளு வழுக்கிக்கிட்டே போகும், அதான் அழகுன்னு சொன்னே. வழுக்கலடா. மணிக்கு 28,800ன்னு போட்டிருந்தா நொடிக்கு 8 குதி. என் ஜனதா நொடிக்கு 5. குதிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான். செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச்சை நீ மட்டமாப் பேசுறே. அதுக்குள்ள ஒரு துக்குணூண்டு படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிருது. அதைப் பாதி, பாதிக்குப் பாதின்னு 15 தடவை வகுத்தா நொடிக்கு ஒண்ணு வரும். அதைத்தான் டிக்குனு காட்டுது. மாசத்துக்கே 15 நொடி முன்னப்பின்ன போனா அதிகம். முத முதல்ல 1969 டிசம்பர் 25ல சீக்கோகாரன் ஆஸ்ட்ரான்னு வித்தப்போ விலை 4,50,000 யென், அன்னிக்கு ஒரு காரு வாங்கற காசு. இன்னிக்கு அதே வித்தை பிளாட்பாரத்துல குவிஞ்சு கிடக்கிறதால உனக்கு இளக்காரமாப் போச்சு. சில குவார்ட்ஸ் வாட்ச்சுல நொடி முள்ளு திடீர்னு ரெண்டு ரெண்டாவோ, நாலு நாலாவோ தாண்டும். கெட்டுப்போச்சுன்னு பதறாதே, செல் தீரப்போகுதுன்னு சொல்லுது.

குரோனோமீட்டர், குரோனோகிராஃப் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுப் பெரியப்பா கிட்ட உளறினே, அன்னிக்கே நிச்சயம் நின்னுரும். குரோனோகிராஃப்னா பொத்தானை அமுக்கி ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பாக்கிறது. குரோனோமீட்டர்ங்கிறது நேரம் தப்பாதுன்னு பரிட்சை எழுதி வாங்கின பட்டம். சுவிட்சர்லாந்துல சிஓஎஸ்சின்னு ஒரு அமைப்பு, வாட்ச்சோட மிஷினைக் கிடத்தி, நிமித்தி, சூட்டுல வச்சு, குளிர்ல வச்சு 15 நாள் பாக்கும். சராசரியா நாளுக்கு 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம், அதைத் தாண்டக் கூடாது. அம்புட்டுப் பாடு பட்டு வாங்கின பட்டத்தையும் நம்ம பிளாட்பார குவார்ட்ஸ் சத்தமில்லாம முந்திட்டுப் போயிருது. இதைப் பெரிய இடத்துல சொல்லாதே, கோவப்படுவாக.

காரோட வேகம் காட்டும்னியே, விளிம்புல 500, 400, 300ன்னு எறங்கி வர்ற எண்ணு, அது டாக்கிமீட்டர். ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டுறப்போ பொத்தானை அமுக்கு, அடுத்த கல்லுல திரும்ப அமுக்கு. 45 நொடி ஆகியிருந்தா முள்ளு 80ஐக் காட்டும். 3,600ஐ நொடியால வகுத்த கணக்கு, வேற மாயமில்ல. ஒரு நிமிசத்துக்குள்ள அடுத்த கல்லு வந்தாத்தான் அந்தக் கணக்கு நடக்கும். அது 60க்குக் கீழே எறங்காது. நம்ம ஊரு மினி பஸ்சு அடுத்த கல்லுக்குப் போறதுக்குள்ள டிரைவர் எறங்கி ஒரு வெத்தலை போட்டுருவாரு. அதை அளக்க இன்னும் வாட்ச் வரல.

சுத்துற வளையம் வச்சது ஒண்ணு காட்டினியே, அது மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. கடலுக்குள்ள முங்குறவன் எறங்குறப்போ அதுல இருக்கிற முக்கோணத்தைப் பெரிய முள்ளுக்கு நேரா வச்சுக்கிறான்; முள்ளு எத்தனை நிமிசம் நகந்திருக்குன்னு பாத்தா எம்புட்டு நேரம் உள்ள இருந்தோம்னு தெரியும். அது ஒரு பக்கமாத்தான் திரும்பும். எதுலயாவது இடிச்சுக்கிட்டாலும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டுமே தவிர குறைச்சுக் காட்டாது. ஆளு சீக்கிரம் மேல வந்துருவான், உசிரு தப்பும். எனக்குக் கடல் வேணாம். மோட்டாரைப் போட்டுட்டு அந்த முக்கோணத்தை வச்சேன்னா, வாழைக்குத் தண்ணி எம்புட்டு நேரம் பாஞ்சுச்சுன்னு வரப்புல படுத்துக்கிட்டே பாத்துக்கலாம்.

கண்ணாடி விசயத்துல சஃபையர்னு கேட்டு வாங்கு, லேசுல கீறல் விழாது. கல்லு மேல போட்டா மட்டும் சிலசமயம் நொறுங்கிரும். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி சட்டுனு உடையாது, ஆனா கீறும். பல்லு வெளக்குற பேஸ்ட்டைத் தடவித் துணியால தேச்சா மங்கலெல்லாம் போயிரும். 1969ல ஆல்ட்ரின் நிலாவுல நடந்தப்போ கையில கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டருக்கு பிளாஸ்டிக் கண்ணாடிதான், சாவி குடுக்கிறதுதான். நெசமாவே நிலாவுக்குப் போன மனுசன் கட்டியிருந்த வாட்ச்சுல நிலாப் படமே கிடையாது. உனக்கு வேணுமாக்கும். படத்தைச் சுத்துற சக்கரத்துக்குப் பொதுவா 59 பல்லு, ரெண்டு மாசக் கணக்கு. மாசத்துக்கு முக்கா மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா மிச்சம் விழுந்து, ரெண்டரை வருசத்துக்கு மேல போனா ஒரு நாள் தப்பும். அமாவாசை என்னிக்குன்னு செவுத்துல தொங்குற தேதித்தாளு சும்மா சொல்லுது. அதுலயே அன்னிக்கு ராகுகாலமும் இருக்கும்.

வாட்ச்சுக்கும் ஒரு ராகுகாலம் உண்டுடா, அதை யாரும் சொல்ல மாட்டாக. முள்ளு வாட்ச்சுல தேதியைத் திருத்துறதா இருந்தா ராத்திரி 9ல இருந்து விடியக்காலை 3 வரைக்கும் கை வைக்காதே. பல மிஷின்ல அந்த நேரத்துலதான் தேதிச் சக்கரத்தோட பல்லு கோத்துக்கிட்டு இருக்கும். நீ வெடுக்குனு திருப்பினா ஒடிஞ்சுரும். முள்ளை 6க்குக் கொண்டு போய் வச்சுட்டு, பெறகு தேதியைத் திருப்பு.

டூர்பியானா? 1801ல பாரிசுல பிரெகே காப்புரிமை வாங்கினது. சட்டைப்பையில நட்டுக்குத்தலா நிக்கிற கடிகாரத்தை பூமி ஒரே பக்கமா இழுக்குதுன்னு, மிஷினோட ஒரு பகுதியையே சுத்த விட்டாரு. நீ கையை ஆட்டிக்கிட்டே இருக்கிறவன், அது எதுக்கு? விலையைக் கேட்டா தோட்டத்தை வித்துட்டு வரச் சொல்லுவான்.

கடைசியா அந்த நாலாவது முள்ளு. ஜிஎம்டி. பான் அமெரிக்கன் விமானிகளுக்காக ரோலெக்ஸ்காரன் 1950கள்ல கொண்டு வந்தது, 24 மணிக்கு ஒரு சுத்து சுத்தும், இன்னொரு நாட்டு நேரம் காட்டும். துபாய்ல இருக்கிற அண்ணன் நேரத்தை வச்சுக்கப் போறேன்னு பெருமையாச் சொன்னே. பெரியப்பா அங்கதான் மடக்குவாரு. பல வாட்ச்சுல அந்த முள்ளு முழு மணியாத்தான் தாண்டும். நமக்கும் துபாய்க்கும் ஒண்ணரை மணி. இங்க 10ன்னா அங்க எட்டரை. உன் முள்ளு ஒண்ணு 8ல நிக்கும், இல்ல 9ல நிக்கும். "அந்த அரை மணியை எங்க வைப்பீங்க மாப்ளே?"ன்னு அவர் சிரிச்சுக்கிட்டே கேட்டா முழிக்காதே. "பெரியப்பா, நீங்க இன்னும் சாப்பிடலையே"ன்னு சொல்லிட்டு இலை போடச் சொல்லு.